இன்ஜினைப் பிரிக்கும் முன் கணக்கைப் பிரிப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் கூட்டமைப்புக்கு வந்திருக்கும் கடன் மனுக்களில் மூன்று ஒரே மாதிரி இருக்கின்றன. காரணம் எழுதும் இடத்தில் ‘வண்டி இன்ஜின் வேலை’ என்று மூன்றே வார்த்தை. ஒரு மனுவில் 40,000 ரூபாய். இன்னொன்றில் 55,000 ரூபாய். மூன்றாவதில் தொகை எழுதும் இடம் காலி. கேட்டால், “மெக்கானிக் இன்னும் சொல்லல மேடம், பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியுமாம்” என்கிறார் அந்த அக்கா.

மூன்றுமே ஆம்னி வேன். ஒன்று உழவர் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறது. ஒன்று சமையல் குழுவின் பாத்திரங்களை மண்டபத்துக்குக் கொண்டு போகிறது. இன்னொன்று பால் கேனும் மாட்டுத் தீவனமும் சுமக்கிறது. இதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. வண்டி நின்றால் அடுப்பு நிற்கும். எனவே கடன் கொடுக்கக் கூடாது என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. எப்படிக் கொடுப்பது, வாங்குகிறவர் எப்படித் திட்டமிடுவது என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

“இன்ஜின் விஷயமெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க” என்று சில பேர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சரி அக்கா, ஸ்பேனரை அவர்களே பிடிக்கட்டும். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து யாருடையது? தவணை தவறினால் குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து உட்காருவது யார்? கையெழுத்துப் போடுகிற நமக்குக் கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும்.

நடந்த ஒரு சம்பவம்

பக்கத்து ஒன்றியத்தில் ஒரு குழு உறுப்பினர் வேன் வேலைக்காக 30,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். “ரீபோர் பண்ணினா போதும்” என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். பிரித்த பிறகுதான் கிராங்க் தேய்ந்திருப்பதும், ஹெட்டில் விரிசல் இருப்பதும் தெரிந்தது. மேலும் 20,000 ரூபாய் தேவைப்பட்டது. குழுவில் பணம் இல்லை. வெளியில் மீட்டர் வட்டிக்கு வாங்கினார்கள். அதுவும் போதாமல் வண்டி இரண்டரை மாதம் பட்டறையில் பாகம் பாகமாகக் கிடந்தது. அதற்குள் வாடிக்கையாகக் காய்கறி வாங்கிய கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். தவணை நின்றது. அந்தக் குழுவில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காகக் கடன் கேட்டுக் காத்திருந்த நான்கு பேருக்கும் பணம் கிடைக்கவில்லை.

மெக்கானிக் ஏமாற்றினாரா? இல்லை. வண்டியை அளந்து பார்க்காமல் ஒரு தொகையைச் சொன்னார். அளந்து பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள்

‘பிக்கப் இல்லை, இழுக்க மாட்டேங்குது’ என்றதும் இன்ஜினைப் பிரிக்க ஓடக் கூடாது. இழுவை குறைய இன்ஜினுக்கு வெளியிலும் காரணங்கள் உண்டு.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பிளக் தேய்ந்திருக்கலாம், கார்புரேட்டரில் அழுக்கு இருக்கலாம், வால்வு இடைவெளி மாறியிருக்கலாம். இவற்றுக்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதே இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை ஆகிவிடக் கூடாது.

அடுத்தது புகை. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது சின்ன வேலை. நாள் முழுக்க, சுமை ஏற்றும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங், சிலிண்டர் தேய்மானம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, ஆயில் மோர் மாதிரி கலங்கியிருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

அதன்பின் கம்ப்ரெஷன் சோதனை. நம் வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ்கட் சரியில்லை என்றால் ஆவி நிற்காது, விசில் வராது. இன்ஜினிலும் அப்படித்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு மீட்டரை வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஆம்னிக்கு மூன்று சிலிண்டர். மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். பெரிய செலவும் இல்லை. அந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வண்டிக்கு ஆயுசு இருக்கிறதா?

ஆம்னி 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது. 2019-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகவே நம்மிடம் இருப்பவை எல்லாமே பழைய வண்டிகள். இன்ஜினுக்குச் செலவு செய்யும் முன் பாடியைப் பாருங்கள். தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டிக்குப் புது இன்ஜின் போட்டாலும் பயனில்லை.

ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் பல மடங்கு கூடியிருக்கிறது. இன்ஜினுக்கு எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, மூன்றாவது மாதம் புதுப்பிக்கப் பணமில்லாமல் நிற்கக் கூடாது.

இந்த வண்டி இன்று இருக்கும் நிலையில் என்ன விலைக்குப் போகும் என்று இரண்டு பேரிடம் விசாரியுங்கள். இன்ஜின் செலவு அந்த விலையை நெருங்கினால், விற்றுவிட்டு வேறு வண்டி பார்ப்பதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

பட்டறையில் என்ன செய்கிறார்கள்?

ஆம்னி இன்ஜின் 796 சி.சி. சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 72 மில்லிமீட்டர். கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம். தண்ணீர் இல்லாமல் சூடேற்றினால் அலுமினியம் வளைந்துவிடும்.

லேத் பட்டறையில் சிலிண்டரை அளப்பார்கள். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். அதிகமாக இருந்தால் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போடுவார்கள். இதுதான் ரீபோர். கிராங்க்கை அளந்து, தேவைப்பட்டால் கிரைண்டிங் செய்து அதற்குப் பொருந்தும் பேரிங் போடுவார்கள். ஹெட் வளைந்திருந்தால் சமப்படுத்துவார்கள், விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள், வால்வு உட்காரும் இடத்தை வெட்டிச் சரிசெய்வார்கள்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்ற வேண்டியவை சில உண்டு: டைமிங் பெல்ட், ஆயில் சீல்கள், தெர்மோஸ்டாட், கசிகிற வாட்டர் பம்ப், தேய்ந்த கிளட்ச். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும். பெட்ரோல் ஹோஸ்களையும் இப்போதே மாற்றுங்கள். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் சீக்கிரம் கெட்டுக் கசியும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் பெட்ரோல் கசிவை அலட்சியப்படுத்தவே கூடாது.

கூடுதல் இழுவை: எது வேண்டும், எது வேண்டாம்

“எப்படியும் பிரிக்கிறோம், கொஞ்சம் பவர் ஏத்திடலாம்” என்று வீட்டில் தம்பியோ மகனோ சொல்வார்கள். ஆசை தப்பில்லை. முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போது கொஞ்சம் கூடுதல் இழுவை இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த இன்ஜின் புதிதாக வந்தபோதே சுமார் 35 குதிரைத்திறன்தான். நாம் இழந்தது அதில் ஒரு பகுதி. அதைத் திரும்பப் பெற்றாலே வண்டி புதிது மாதிரி இழுக்கும்.

ரீபோர் செய்தால் பவர் கூடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 796 சி.சி. சுமார் 808 சி.சி. ஆகும். நூற்றுக்கு ஒன்றரை பங்கு. அதை நம்பி நல்ல சிலிண்டரைக் கூட வெட்டச் சொல்லாதீர்கள். இன்று தேவையில்லாமல் வெட்டினால் நாளைக்கு வெட்ட இடமிருக்காது.

குறைந்த செலவில் பலன் தருபவை இவைதான்:

1. வால்வு உட்காரும் இடத்தை மூன்று கோணத்தில் வெட்டுவது. காற்று தடையில்லாமல் போகும், வால்வும் நன்றாக மூடும்.

2. மூன்று பிஸ்டனையும் மூன்று கனெக்டிங் ராடையும் தராசில் வைத்து எடையை ஒன்றாக்குவது. அதிர்வு குறையும், பேரிங் கூடுதல் நாள் உழைக்கும்.

3. மானிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் துருத்தி நிற்கும் கேஸ்கட் ஓரத்தையும் உலோக ஓரத்தையும் சமன் செய்வது. இது ஒருநாள் பொறுமை வேலை. பாகம் எதுவும் வாங்க வேண்டாம்.

4. கடைசியில் கார்புரேட்டர், பிளக், டைமிங் ஆகியவற்றை நிதானமாகச் சரிபார்ப்பது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வது.

ஹெட்டைச் சமன் செய்யும்போது மிகக் கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் அழுத்தம் கூடி இழுவை கூடும் என்பது உண்மைதான். ஆனால் அளவு மீறினால் மேட்டில் இன்ஜின் ‘கட கட’ என்று தட்டும், பிஸ்டன் கெடும். வளைவை எடுக்கத் தேவையான அளவுக்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சத்தம் போடும் ஓப்பன் சைலென்சர் வேண்டாம். சுமை வண்டிக்குத் தேவையான கீழ்வேக இழுவை அதில் குறையவே வாய்ப்பு, அபராதமும் வரும். வேறு பெரிய இன்ஜினைத் தூக்கி வைப்பதும் வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பழைய இரும்புக் கடையில் இன்ஜின் வாங்கினால் அதன் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கேட்பதில் சிக்கல் வரும். பெட்ரோல் செலவு மிச்சம் என்று வீட்டுச் சமையல் சிலிண்டரை வண்டியில் வைத்து ஓட்டுவது சட்டப்படி குற்றம். உயிருக்கே ஆபத்து. அதற்கு ஒரு ரூபாய் கூடக் கடன் கொடுக்காதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறைக்காக மட்டும் இந்த எண்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட வேண்டும்.

கழற்றி மாட்டும் கூலி – ரூ.8,000
லேத் வேலை – ரூ.7,500
பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், சீல் – ரூ.10,500
டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் – ரூ.4,000
கிளட்ச் – ரூ.3,000
இரண்டு முறை ஆயில், ஃபில்டர், கூலண்ட் – ரூ.2,500
நாம் சொன்ன சிறு மேம்பாடுகள் – ரூ.1,500
மொத்தம் – ரூ.37,000

இதோடு கணக்கு முடிந்ததா? முடியவில்லை. எதிர்பாராத செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கு தனியாக வையுங்கள்: ரூ.7,400. வண்டி 12 நாள் ஓடாது. நாளுக்கு 500 ரூபாய் மிச்சம் பார்த்தவருக்கு அது ரூ.6,000 நஷ்டம். அந்த நாட்களிலும் வீட்டில் சோறு ஆக்க வேண்டும் அல்லவா? ஆக உண்மையான செலவு ரூ.50,400.

கையிருப்பு ரூ.10,400 போக, கடன் ரூ.40,000 என்று வைப்போம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, குறையும் அசலுக்கு. மாதம் 2,000 ரூபாய் அசல் கட்டினால் 20 தவணை. முதல் மாதம் வட்டியோடு ரூ.2,400. மொத்த வட்டி ரூ.4,200. அதையே மாதம் 4,000 அசலாகப் பத்துத் தவணையில் கட்டினால் மொத்த வட்டி ரூ.2,200. மாதம் 24 நாள் ஓடினால் மிச்சம் ரூ.12,000. இதில் எந்தத் தவணை நம் வீட்டுக்குத் தாங்கும் என்பதை நாமே முடிவு செய்யலாம். ஆனால் ‘சீசன்ல சேர்த்துக் கட்டிடுறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்யாண சீசன் இல்லாத மார்கழி மாதத்திலும் கட்ட முடிகிற தொகையைத்தான் எழுத வேண்டும்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்

மெக்கானிக் கையில் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொஞ்சம், லேத்திலிருந்து வந்ததும் ஒரு பங்கு, சுமையோடு ஓட்டிப் பார்த்தபின் மீதி. பாகங்களை பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையையும் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மாற்றினார்களா என்பதற்கு அதுவே சாட்சி. எடைக்குப் போட்டால் கொஞ்சம் காசும் வரும்.

நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். “அளவுச் சீட்டு கேக்குறாங்களே, விவரமான ஆளுங்கதான்” என்று மரியாதையாகத்தான் பார்ப்பார்.

வேலை முடிந்த பிறகு

புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று படியக் கொஞ்ச காலம் ஆகும். முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழுச் சுமை ஏற்ற வேண்டாம், ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை மிதிக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகவும் வேண்டாம். 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை மாற்றிவிடுங்கள். புது இன்ஜினின் இரும்புத் துகள்கள் அதில்தான் இருக்கும். தினமும் காலையில் ஆயில் அளவையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அடுப்பு பற்றவைக்கும் முன் கேஸ் குழாயைப் பார்க்கிறோமே, அப்படி. ஆகவே கல்யாண முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் இன்ஜின் வேலை வைக்காதீர்கள். வேலை குறைந்த மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

இன்றைய தீர்மானத்துக்கு எங்கள் யோசனை

இந்த மூன்று மனுக்களையும் நிராகரிக்க வேண்டாம். கடனை இரண்டு கட்டமாகக் கொடுக்கலாம் என்று நாங்கள் முன்மொழிகிறோம்.

முதல் கட்டத்துக்கு முன்பே மனுவோடு மூன்று காகிதம் வேண்டும்: கம்ப்ரெஷன் எண்கள் எழுதிய சீட்டு, ஆர்.சி. மற்றும் இன்சூரன்ஸ் நகல், இரண்டு பட்டறைகளின் மதிப்பீடு. பிரித்து அளப்பதற்கு மட்டும் முதலில் ஒரு சிறு தொகை. லேத்தில் அளந்த சீட்டு வந்த பிறகு, உண்மையான தேவையைப் பார்த்து மீதித் தொகை. அது வரும்வரை, பேசிய உச்சவரம்புக்குள் இருக்கும் பணத்தை அந்த உறுப்பினர் பெயரில் ஒதுக்கி வைத்துவிடுவோம். அப்போது வண்டி பிரித்த நிலையில் காத்துக் கிடக்காது. செலவு உச்சவரம்பைத் தாண்டுகிறது என்று சீட்டு சொன்னால் அங்கேயே நிறுத்தி, வண்டியை விற்பதா வேண்டாமா என்று பேசலாம். அப்படி நின்றாலும் போவது பிரித்து அளந்த கூலி மட்டும்தான். பக்கத்து ஒன்றியத்து அக்காவுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

தொகை எழுதாமல் மனு கொடுத்த அக்கா இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார். மனுவைத் திருப்பிக் கொடுக்காமல், அந்தக் காலி இடத்தில் முதல் கட்டத் தொகையை மட்டும் எழுதி நிறைவேற்றலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சந்தேகம் இருப்பவர்கள் இப்போது கேளுங்கள். பிறகு கை தூக்கி முடிவு செய்வோம்.